செங்கம் சாலையில் நின்ற போர்க்கப்பல்

ஓய்வுபெற்ற காவலர் மன்றத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு என் இல்லம் வந்த இளைய உதவி ஆய்வாளர்கள் இருவர், முழுநிலா நாள்களில் மலைவலம் வரும் கூட்டத்தினூடே இனிப் பொது உடையில் காவலர்களை நிறுத்தப்போவதாகப் பெருமிதத்துடன் கூறினர். ஒருவர் சுண்டல் விற்பாராம். ஒருவர் பொரி விற்பாராம். இத்தகைய மாறுவேடக் காவல் இவ்வூருக்குப் புதிது என்றும் சொன்னார்கள். புதிதன்று என்றேன். தொண்ணூறுகளிலேயே நாங்கள் ஒரு போர்க்கப்பலுக்கு வணிகக் கப்பல் வேடமிட்டுச் செங்கம் சாலையில் நிறுத்தியிருந்தோம் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒருவர், "ஐயா, மாத்திரை எல்லாம் வேளாவேளைக்கு சாப்பிடறீங்களா?" என்று பரிவோடு கேட்டார். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

என்னைப் பற்றிச் சிறிது. புலவர் பட்டம் பெற்று ஆசிரியப் பணிக்குக் காத்திருந்தவன் நான். காத்திருப்பு நீண்டதால் காவல்துறைத் தேர்வை எழுதினேன். அது உடனே கிடைத்துவிட்டது. பயிற்சியில் ஓடக் கற்றேன், சுடக் கற்றேன், உறங்காமல் நிற்கக் கற்றேன். மூன்றனுள் பிற்காலத்தில் பெரிதும் பயன்பட்டது நிற்றலே. மாவட்டம் புதிதாகப் பிரிந்த காலத்தில் திருவண்ணாமலைக்கு மாற்றப்பட்டேன். அறிக்கைகளில் லாரியைச் சரக்குந்து என்று எழுதுவேன் என்பதால் நிலையத்தில் எனக்குப் 'புலவர்' என்பதே பெயராயிற்று. இங்கும் சரக்குந்து என்றே எழுதுகிறேன். அகவை முதிர்ந்த பின் பழக்கத்தை மாற்றுவது அரிது.

அந்நாளில் எங்கள் நிலையத்துக்கு நாள்தோறும் காலையில் ஒருவர் வந்து கையெழுத்திட்டுப் போவார். பெயர் முனுசாமி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தவர்; நகரில், இப்பக்கத்தார் மல்லாட்டை என்னும் நிலக்கடலையை விற்கும் மண்டி ஒன்றில் சரக்குந்து ஓட்டுநராக இருந்தவர். செங்கம் சாலையில் காட்டை ஒட்டி ஒரு மேட்டேற்றம் உண்டு. பாரம் ஏற்றிய வண்டிகள் அங்கே மூச்சுவாங்கித்தான் ஏறும். ஒரு நண்பகல் முனுசாமியின் வண்டி அங்கே நின்றுபோயிற்று. முகத்தில் துண்டு கட்டிய மூவர் டிராக்டர் எனப்படும் இழுவை வண்டியில் வந்து அரிவாளைக் காட்டினர். முனுசாமி ஓடிவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது வண்டி இருந்தது, மூட்டைகள் இல்லை. வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த அண்ணாமலையார் படமும் இல்லை.

மண்டி முதலாளி இதை நம்பவில்லை. "மேல ஒரு கீறல் இல்ல. மூட்டைய எங்கயோ வித்துட்டு வந்து கத சொல்றான். மூட்ட திருடறவன் சாமி படத்தை எதுக்குங்க எடுக்கறான்?" என்று நிலையத்தில் உட்கார்ந்து கேட்டார். முனுசாமி மீது வழக்குப் பதிவாயிற்று. பிணையில் வெளிவந்தார், நாள்தோறும் கையெழுத்திட வேண்டும் என்பது பிணையின் கட்டளை. திருடன் என்று பெயரெடுத்த ஓட்டுநரிடம் யாரும் சாவியைக் கொடுப்பதில்லை. வழக்கில் தண்டனை விழுந்தால் ஓட்டுநர் உரிமமும் போய்விடும். அதற்குப் பின் அவருக்குத் தெரிந்த தொழில் வேறில்லை.

இந்நிலையில்தான் புதிய துணைக் கண்காணிப்பாளர் வந்து சேர்ந்தார். இராசசேகரனார் என்று அவரை இங்கே அழைக்கிறேன். ஆற்றுநீரைக்கூட அரிதாகவே காணும் வறண்ட ஊரில் பிறந்தவர். ஆயினும் கடற்போர் நூல்களையன்றி வேறெதையும் படிக்காதவர். கடற்கரைக்கு வாழ்வில் ஒருமுறை போனதாகவும், கூட்டம் மிகுதியாக இருந்ததால் அலையைப் பாராமலே திரும்பிவிட்டதாகவும் என்னிடம் சொல்லியிருக்கிறார். குரல் மிகத் தாழ்ந்தது. யாரையும் "போ" என்று ஏவமாட்டார், "புறப்படலாமே" என்பார். பேசி முடித்ததும் கைக்குட்டையால் மேசையின் ஒரே மூலையை மட்டும் துடைப்பார். அந்த மூலை துடைக்கப்பட்டுவிட்டால் உரையாடல் முடிந்தது, வெளியேறலாம் என்பது நாங்கள் கற்றுக்கொண்ட குறிப்பு.

ஒரு காலை, கையெழுத்திட வந்த முனுசாமியை அவர் உள்ளே அழைத்தார்.

"ஓடினேன் என்று சொல்லியிருக்கிறீர்கள்."

"ஆமாங்க. ஓடினது நெஜம் சார்."

"எப்படி ஓடினீர்கள்?"

இருபது ஆண்டுப் பணியில் எந்த அதிகாரியும் இவ்வினாவைக் கேட்டு நான் அறியேன். முனுசாமி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவர், முதலில் செருப்பு கழன்றது, வேட்டி அவிழ்ந்தது, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே புளியமரம் வரைக்கும் ஓடியது எல்லாவற்றையும் சொன்னார். துணைக் கண்காணிப்பாளர் கண்ணை மூடிக் கேட்டார். "மிக நன்று," என்று மேசை மூலையைத் துடைத்தார்.

முனுசாமி போன பின் எனக்கு விளக்கினார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகள் சிறு வணிகக் கப்பல்களைக் கண்டால் வெடிகணையை வீணாக்காமல், மேலெழுந்து வந்து பீரங்கியால் சுட்டு மூழ்கடிக்குமாம். அதற்கு மறுவினையாக ஆங்கிலேயர், பழைய சரக்குக் கப்பல்களில் பீரங்கிகளை ஒளித்துவைத்துக் கடலில் உலவவிட்டனர். நீர்மூழ்கி கண்ணில் பட்டதும் மாலுமிகளில் ஒரு பகுதியினர் அஞ்சி அலறிப் படகேறித் தப்புவதுபோல் நடிப்பர். கப்பல் கைவிடப்பட்டது என்று நம்பி நீர்மூழ்கி அருகில் வரும். அப்போது பக்கத்தட்டிகள் விழும், தம் நாட்டுக் கொடி ஏறும், பீரங்கி முழங்கும். "முனுசாமியின் ஓட்டத்தைக் கேட்டதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நமக்கு ஒரு கப்பல் வேண்டும்," என்றார்.

நிலைய முற்றத்தில் ஏலத்துக்குக் காத்திருந்த பழைய சரக்குந்து ஒன்று கப்பலாயிற்று. உமி அடைத்த மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி, நடுவே காவலர் குந்தியிருக்கக் குழிபோல் இடம் விட்டோம். மேலே தார்ப்பாய். பக்கத்துப் பலகைக்குக் கீல் வைத்து, கயிற்றை இழுத்தால் பொத்தென்று விழும்படி தச்சர் அமைத்தார். முடிதிருத்துநரின் கண்ணாடித் துண்டுகள் இரண்டைக் குழாயில் பொருத்தி, உள்ளிருந்தே வெளியைப் பார்க்கும் கருவியைத் துணைக் கண்காணிப்பாளர் தம் கையாலேயே செய்தார். குண்டுபட்டாலும் கப்பல் மூழ்காதிருக்க அடித்தளத்தில் மென்மரம் நிரப்புவார்களாம். அவ்வாறே அடியில் மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார். சரக்குந்து மூழ்காதே என்று பணிவுடன் கூறினேன். "முறை என்றால் முழுமையாக இருக்க வேண்டும்," என்றார். கட்டைகள் ஏறின.

வேடக் கப்பல்கள் அடிக்கடி பெயரையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும் என்பதால் எங்கள் வண்டியும் நாள்தோறும் புது வண்ணமும் புதுப் பெயரும் பூண்டது. அண்ணாமலையார் துணை, முருகன் துணை, அன்னை அருள். ஓவியர் மனம் நொந்து, அடுத்தது என்ன என்று முன்னரே கேட்டு வைத்துக்கொண்டார்.

இனி ஓடும் படை. அதற்கு நான் 'அச்சவோட்டப் படை' என்று பெயரிட்டேன். முனுசாமி தலைவர். காவலர் ஏழுமலை கிளீனர் வேடம். இன்னும் இரு காவலர் சுமைதூக்குவோர் வேடம். ஆயுதப்படைத் திடலில் பயிற்சி நடந்தது. முனுசாமி அன்று ஓடியவாறே ஓடிக் காட்ட வேண்டும். மற்றவர் அதைப் பார்த்து ஓட வேண்டும். காவலர்கள் கைகளை மடக்கி, மார்பை நிமிர்த்தி, ஒரே சீராக ஓடினர். "இது அணிவகுப்பு, அச்சம் இல்லை," என்று துணைக் கண்காணிப்பாளர் வருந்தினார். செருப்பு கழல வேண்டும். வேட்டி அவிழ வேண்டும். அலற வேண்டும். விசில் ஒலி கேட்கும்வரை நிற்கவே கூடாது.

"ஓட்டப்பந்தயத்துல ஓடினா கப்பு குடுப்பாங்க சார்," என்றார் ஏழுமலை. "இதுக்கு இன்னா குடுப்பாங்க?"

"முனுசாமியின் உரிமம் பறிபோகாமல் இருக்கும்," என்றார் துணைக் கண்காணிப்பாளர். அதன்பின் ஏழுமலை விளையாட்டாகப் பேசவில்லை. வேட்டியை நன்றாகவே அவிழ்த்துக்கொண்டு ஓடினார்.

முனுசாமிக்குத்தான் அது பெருந்துன்பம். ஊரார் அவரைத் திருடன் என்றனர். இப்போது திடலைச் சுற்றி நின்ற ஆயுதப்படையினர் அவருடைய ஓட்டத்தைப் பார்த்துக் கைதட்டினர். ஒரு மாலை என்னிடம் மெல்லச் சொன்னார்: "சார், அன்னிக்கு ஒரே ஒரு தபா ஓடினேன். அதுக்கே ஒரு மாசம் தூக்கம் வரல. இப்ப தெனம் பத்து தபா ஓட வைக்கறாரு."

ஒரு குறை எஞ்சியிருந்தது. ஆங்கிலேயரின் ஓடும் படை ஒன்று தன் நடிப்பு மெய்யாகத் தோன்றுமாறு, கூண்டோடு ஒரு கிளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய செய்தியைத் துணைக் கண்காணிப்பாளர் நூலில் படித்திருந்தார். அங்கே அது பஞ்சடைத்த கிளி. இங்கே மலைவலப் பாதையில் கிளி சோதிடம் பார்க்கும் ஒருவரிடம் இரவல் பெற்றோம். சரக்குந்துக் கிளீனருக்குக் கிளி எதற்கு என்று முனுசாமி கேட்டார். உயிருக்கு அஞ்சி ஓடுகிறவன் தான் விரும்பும் ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று துணைக் கண்காணிப்பாளர் விளக்கினார். முனுசாமி கூண்டை வாங்கிப் பார்த்தார். "நான் சாமி படத்தை எடுக்கலீங்களே," என்றார். "விட்டுட்டுதான் ஓடினேன்." துணைக் கண்காணிப்பாளர் துடைத்த மூலையையே மீண்டும் துடைத்தார்.

கடைசியாகக் கொடி. இதில் அவர் சிறிதும் விட்டுக்கொடுக்கமாட்டார். வேடக் கப்பல் தன் மெய்க்கொடியை ஏற்றிய பின்னரே சுட வேண்டும்; ஏற்றாமல் சுட்டால் அது கடற்கொள்ளை. அதுபோல, கைலி கட்டிய காவலர் கொடி காட்டாமல் துப்பாக்கியைக் காட்டினால் அவருக்கும் கொள்ளையருக்கும் வேறுபாடில்லை. மூங்கில் கழியில் கட்டிய காவல்துறைக் கொடி என் பொறுப்பில் விடப்பட்டது. நான் தார்ப்பாயின் துளை வழியே அதை உயர்த்த வேண்டும். அதன் பின்னரே பலகை விழும்.

இவ்வாறு நண்பகல்தோறும் எங்கள் கப்பல் அம்மேட்டில் பழுதாகி நின்றது. எஞ்சின் மூடியைத் திறந்து வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பின்னால் சாலையில் தழைக் கொப்புகளை ஒடித்துப் போட்டோம். கொள்ளையர் வரவில்லை. மற்ற எல்லோரும் வந்தனர். நடுவழியில் நின்ற வண்டியைக் கண்டால் கடந்து போகாதது இப்பக்கத்து ஓட்டுநர் வழக்கம். ஒவ்வொருவரும் இறங்கினர், முனுசாமி தடுத்தும் கேளாமல் எஞ்சினுக்குள் தலையை விட்டனர். ஒருவர் நாங்கள் வேண்டுமென்றே கழற்றி வைத்திருந்த கம்பியைக் கண்டுபிடித்து மாட்டி, வண்டியைக் கிளப்பியும் காட்டிவிட்டார். நன்றி சொல்லிப் புறப்படுவதன்றி வேறு வழியில்லை. சிறிது தொலைவு போய்த் திரும்பி வந்து மீண்டும் பழுதானோம். மற்றொரு நாள், ஆசிரமப் பக்கத்தில் தங்கியிருந்த வெளிநாட்டு அன்பர் ஒருவர் மிதிவண்டியில் வந்து, எங்கள் வண்டி நிழலில் அமர்ந்து கண்மூடி ஊழ்கத்தில் ஆழ்ந்தார். அவர் எழும்வரை உள்ளே நாங்கள் இருமவும் இல்லை. உமித்தூசியில் இருமாதிருத்தல் எத்தகைய தவம் என்பதை அவர் அறியார்.

நாளுக்கொரு பெயருடன் நாள்தோறும் ஒரே இடத்தில் பழுதாகும் வண்டி பார்ப்பவர் மனத்தில் ஐயம் எழுப்பாதா என்று நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பெயர் மாற்ற வேண்டும் என்று நூலில் இருந்தது. இடத்தைப் பற்றி நூல் பேசவில்லை. கடலில் யாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை போலும்.

அந்த நாள் வந்தது. வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. துணைக் கண்காணிப்பாளர் தம் குழாயில் கண் வைத்தார். "நால்வர் இறங்குகின்றனர். கைலிகள் புதியவை; மடிப்புகூடக் கலையவில்லை. எல்லோருக்கும் ஒரே வகை முடிவெட்டு. ஒரே கூட்டம்தான்," என்று காதோடு சொன்னார். எங்கள் கைலிகளும் முடிவெட்டும் அவ்வாறே இருந்தன என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வெளியே பேச்சு கேட்டது.

"இன்னாண்ணே, வண்டி நின்னுடுச்சா?"

"ஆமாங்க. ஆக்சில் போயிடுச்சு," என்றார் முனுசாமி.

"நேத்தும் இங்கதான் போச்சு போல?"

"ராசியில்லாத எடங்க."

"நேத்து வண்டி பேரு முருகன் துணை இல்ல?"

முனுசாமி எஞ்சின் மூடிக்குள் குனிந்துகொண்டார். ஒரு கை தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்தது. என் முழங்காலுக்கு அருகே மூட்டைகளின் இடுக்கில் துழாவியது. மூழ்காதிருக்க அடுக்கிய கட்டை ஒன்றைத் தொட்டது. "உள்ள கட்ட கீதுடா," என்றது ஒரு குரல். யாரோ கட்டையை மோந்து பார்க்கும் ஓசை கேட்டது. இன்னொருவர் அரிவாளை எடுத்தார்.

ஆயுதம் கண்டால் ஓட வேண்டும் என்பது பயிற்சி. ஏழுமலை கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு, வேட்டி அவிழ, வானம் பிளக்க அலறிக்கொண்டு ஓடினார். மற்ற இருவரும் முனுசாமியும் பின்தொடர்ந்தனர். குறையற்ற ஓட்டம். ஆனால் வந்தவர்கள் நூலில் உள்ளவாறு நடந்துகொள்ளவில்லை. "டேய், கிளிடா! காட்டுக்கிளிய எடுத்துட்டு ஓடறான், புடிங்கடா!" என்று கூவி, நால்வரும் ஏழுமலையைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் மறைந்தனர்.

துணைக் கண்காணிப்பாளர் குழாயிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "ஓடுகிறவர்களை நீர்மூழ்கி துரத்தியதாக எங்குமே இல்லையே," என்றார்.

அவர்கள் வனக்காவலர்கள் என்பது பின்னர்த் தெரிந்தது. நாள்தோறும் பெயர் மாறி அதே இடத்தில் நிற்கும் வண்டி சந்தனக்கட்டை கடத்துவதாக அவர்களுக்கு ஐயம். எங்களைப் போலவே அவர்களும் வேடமிட்டு வந்திருந்தனர். வாழைத்தார்களுக்கு அடியில் துப்பாக்கிகளோடு இன்னும் சிலர் ஒளிந்திருந்தனர். எங்கள் வண்டியிலிருந்து கடத்தல்காரர் தலை நீட்டுவதற்காகக் காத்திருந்தனர். அவர்கள் வண்டியிலிருந்து கொள்ளையர் தலை நீட்டுவதற்காக நாங்கள் காத்திருந்தோம். சாலை வெறிச்சோடியது. இரண்டு வண்டிகள், ஆள் நடமாட்டமே இல்லை. காக்கை ஒன்று வாழைப்பழத்தைக் கொத்தியது.

அப்போதுதான் உண்மையான கொள்ளையர் வந்தனர்.

இழுவை வண்டியின் ஓசை கேட்டது, அணைந்தது. துணைக் கண்காணிப்பாளர் மூன்று விரல்களைக் காட்டினார். வெளியே ஒரு குரல், "இன்னாடா இது? ரெண்டு வண்டி, ஒரு ஆளக் காணோம்," என்றது. மற்றொரு குரல், "அண்ணாமலையாரு குடுக்கறாரு. வாங்கிக்கோ, கேக்காத," என்றது. வெளி அடுக்கிலிருந்து ஒரு மூட்டை அகன்றது. "பஞ்சு மாதிரி கீதே. மல்லாட்டையே இல்ல போல." "கனம் கம்மியா இருந்தா தூக்கறது ஈசிடா, வுடு."

"கொடி," என்று துணைக் கண்காணிப்பாளர் முணுமுணுத்தார்.

நான் மூங்கிலை உயர்த்தினேன். அது உயரவில்லை. தார்ப்பாயின் கயிறு கழியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கொடித்துணி அதில் முறுக்கிக்கொண்டது. இழுத்தேன், மேலும் முறுக்கியது.

"ஏறிற்றா?"

"இல்லை ஐயா."

"ஏறட்டும்."

காவலர்கள் துப்பாக்கிகளோடு என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். வியர்வையில் உமி ஒட்டி எல்லோரும் தவிட்டுச் சிலைகளாகியிருந்தோம். துணைக் கண்காணிப்பாளர் மீண்டும் குழாயில் கண் வைத்தார். "முனுசாமி திரும்பி வருகிறார்," என்றார். "ஏன் வருகிறார்? அவர் ஓட வேண்டியவர் அல்லவா?"

முனுசாமி புளியமரம் வரைக்கும்தான் ஓடியிருக்கிறார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தவரின் கண்ணில், வந்து நின்ற இழுவை வண்டியின் முகப்பில் மாலை போட்டு மாட்டியிருந்த படம் பட்டது. அவருடைய படம். சாலையில் தெறித்த கல்லால் முன்பொருநாள் அதன் கண்ணாடி மூலை உடைய, பஞ்சர் ஒட்டும் ரப்பர்த் துண்டை அவரே அங்கே ஒட்டியிருந்தார். புகார் நாளில் அவர் இதைச் சொல்ல, நானே எழுதியும் இருந்தேன். கறுப்பு ஒட்டு அப்படியே இருந்தது. அவர் நேரே நடந்து வந்து படத்தைக் கழற்றினார்.

"ஏய், யார்ரா நீ? படத்தை வை."

"இது என் வண்டிப் படம்."

பிறகு அதே குரல் சிரித்தது. "அட, நீயா? அன்னிக்கு மூட்டய எல்லாம் வுட்டுட்டு வேட்டியப் புடிச்சிக்கினு ஓடினியே, அதே ஆளு. வெச்சிட்டு அதே மாதிரி ஓடு, போ."

தார்ப்பாய்க்கு அடியில் நாங்கள் அனைவரும் இதைக் கேட்டோம். மூட்டைகளை எடுத்தவர்கள் தாங்களே என்றும், முனுசாமி விற்கவில்லை, ஓடினார் என்றும் எடுத்தவன் வாயாலேயே வந்துவிட்டது. அவருடைய வழக்கு அந்த நொடியில் முடிந்தது. அவர் உயிர் மட்டும் அங்கே அரிவாளுக்கு முன் நின்றுகொண்டிருந்தது.

"அன்னிக்கு ஓடிட்டேன்," என்றார் முனுசாமி. "நீ எடுத்துட்டுப் போனத நான் வித்துட்டேன்னு எழுதிட்டாங்க. இப்ப ஓட மாட்டேன்."

அரிவாள் உயர்வதைக் குழாயில் கண்ட துணைக் கண்காணிப்பாளர் என்னை ஒருமுறை, ஏறாத கொடியை ஒருமுறை பார்த்தார். பின்னர், தாம் நம்பிய நூல்கள் அனைத்தையும் அந்த உமிக்குழியில் விட்டுவிட்டுக் கைலியை மடித்துக் கட்டி, பலகைக் கயிற்றைத் தாமே இழுத்தார்.

பலகை இடிபோல் விழுந்தது. உமி மேகமாய் எழுந்தது. அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார்; ஒலி வரவில்லை, உமிதான் வந்தது. நாங்கள் துப்பாக்கிகளோடு எழுந்தோம். அதே நொடியில் வேனிலிருந்து வாழைத்தார்கள் உருண்டன. அங்கும் துப்பாக்கிகள் எழுந்தன. நாங்கள் அவர்களைக் கைகளைத் தூக்கச் சொன்னோம். அவர்கள் எங்களைத் தூக்கச் சொன்னார்கள். "காவல்துறை!" என்றேன் நான். "நாங்களும் கவர்மெண்டுதான்!" என்றனர் அவர்கள். கைலி கட்டி, தவிடு பூசி, துப்பாக்கி பிடித்தவர்கள் சொல்வதை யார் நம்புவார்? நாங்கள் அவர்களை நம்பவில்லை. அவர்களும் எங்களை நம்பவில்லை.

நடுவில் அகப்பட்ட கொள்ளையர் மூவரும் அரிவாள்களைக் கீழே போட்டனர். யாரிடம் சரணடைவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அங்கே துப்பாக்கி இல்லாமல் நின்றவர் ஒருவரே. மூவரும் முனுசாமியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டனர். "அண்ணே, நீ சொல்லுண்ணே," என்றான் சற்றுமுன் சிரித்தவன்.

முனுசாமி படத்தை மார்போடு அணைத்தபடி இரு பக்கமும் பார்த்தார். "யாரும் சுட வாணாங்க," என்றார். எங்களைக் காட்டி, "இவங்க போலீசு. தெனம் போயி கையெழுத்து போடறேன், எனக்குத் தெரியும்," என்றார். வேனைக் காட்டி, "அவங்க யாருன்னு தெரியலீங்க. ஆனா மேல வந்து வுழுந்து அடிக்கற ஆளுங்க மாதிரி தெரியல," என்றார்.

துப்பாக்கிகள் மெல்லத் தாழ்ந்தன. அப்போதுதான், பலகை விழுந்ததால் தளர்ந்திருந்த கயிறு முறுக்கு அவிழ, எங்கள் கொடி தானாகவே விருட்டென்று மேலெழுந்து நின்றது. துணைக் கண்காணிப்பாளர் அதற்கு வணக்கம் செலுத்தினார். நாங்களும் செலுத்தினோம். வனக்காவலரும் செலுத்தினர். கொள்ளையருள் ஒருவனும் செலுத்தினான்.

ஓடியவர்களுள் ஏழுமலையை மட்டும் காணவில்லை. துரத்திப் போன நால்வரும் மூச்சிரைக்க வெறுங்கையோடு திரும்பினர். மாலையில் செங்கத்திலிருந்து வந்த பேருந்தில் ஏழுமலை கூண்டோடு இறங்கினார். விசில் கேட்கும்வரை நிற்கக்கூடாது என்பதால் நிற்கவில்லை என்றார். "விசில் ஊதலியே சார். ஊதியிருந்தா அங்கயே நின்னிருப்பேன்." நடத்துநர் கிளிக்கும் பயணச்சீட்டு கிழித்திருந்தார். காட்டுக்கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம் என்று சொல்லி, அவர்களுக்குத் தலைவரான வனவர் கூண்டைத் திறந்துவிட்டார். கிளி வெளியே வந்தது. சோதிடச் சீட்டை எடுப்பதுபோல், அவர் சட்டைப்பையிலிருந்த தாள் ஒன்றை அலகால் உருவி அவர் முன் வைத்தது. மறுபடி உள்ளே போய் அமர்ந்தது. வனவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளியைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

அறிக்கை எழுதும்போது ஓரிடத்தில் இடறினோம். அச்சவோட்டப் படையின் தலைவர் கட்டளையை மீறி ஓடாதிருந்தார் என்பதை எழுதாமல் விட முடியாது. துணைக் கண்காணிப்பாளர் உண்மையை மறைப்பவர் அல்லர். எழுதினால், அரிவாளுக்கு முன் நின்றவன் முன்பு மட்டும் ஓடியிருப்பானா என்று யாரேனும் கேட்பர் என்று நான் அஞ்சினேன். அவர் எழுதினார். நான் அஞ்சியதே நடந்தது. வழக்கு மன்றத்தில் கொள்ளையர் தரப்பு வழக்குரைஞர், இத்தகைய வீரர் முன்பு ஓடியிருக்கவே மாட்டார், ஆகவே மூட்டைகளை நின்று விற்றவர் அவரே என்று வாதிட்டார். தம் வாழ்வில் ஒருமுறை காட்டிய வீரத்தால் முனுசாமி மீண்டும் திருடராகும் நிலை வந்தது.

நடுவர் முனுசாமியையே கேட்டார். முதல் முறை ஓடியவர், இரண்டாம் முறை ஏன் ஓடவில்லை?

முனுசாமி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மொத தபா யாரும் ஓடச் சொல்லலீங்க, பயந்தேன், ஓடினேன். ரெண்டாந்தபா ஒரு மாசம் ஓடப் பழக்கி வுட்டாங்க. ஓடி ஓடி பயம் போயிடுச்சுங்க."

நடுவர் முதன்முறையாகச் சிரித்ததை அன்று கண்டேன். முனுசாமியின் சொல்லை ஏற்றார். அவர் அன்று ஓடியது மெய்யே என்று அரசாணை போலத் தீர்ப்பில் எழுதினார். துணைக் கண்காணிப்பாளர் வழக்கு மன்றத்தில் மேசை கிடைக்காமல், தம் கைத்தடியின் முனையைத் துடைத்தார்.

அண்ணாமலையார் படம் வழக்குச் சொத்தாக மன்றத்திலேயே இருந்தது. வழக்கு முடிந்த பின்னரே முனுசாமிக்குக் கிடைத்தது. அவர் வேறொரு மண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, நகர எல்லையில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அவருடைய சரக்குந்து வந்து நின்றது. முன்கண்ணாடிக்குக் கீழே படம் இருந்தது; மூலையில் கறுப்பு ஒட்டு இருந்தது. வழக்கு எண்ணும் மன்ற முத்திரையும் உள்ள அட்டை, நூலில் கட்டியபடியே அண்ணாமலையார் முன்னால் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

"வழக்கு முடிந்து எத்தனை ஆண்டாயிற்று, இதை அறுத்துப் போடக்கூடாதா?" என்றேன்.

"இருக்கட்டும் சார். நான் திருடன் இல்லைன்னு கவர்மெண்டே அட்ட கட்டிக் குடுத்துருக்கு. இந்த ஊர்ல வேற யாரு கிட்டங்க இது கீது?"

நான் எண்ணிப் பார்த்தேன். என்னிடமும் இல்லை. வண்டியைப் போகவிட்டேன்.